பங்குனியில் இறக்க வேண்டிய படகு

பாய்ப்படகு கட்டப்போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், எந்த மாதம், எந்தக் கரையில், எதைக் கொண்டு அதைத் தண்ணீரில் இறக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நீளம், காசு, படகின் பெயர் எல்லாம் பிறகு. வருபவர்களில் பலர் இறக்குவதைக் கடைசியில் யோசித்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பார்கள். திருகோணமலையில் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் மற்றக் கேள்விகளுக்கு விடை பிறக்கும்.

நான் நெடுங்காலமாகப் பைபர் வள்ளங்கள் கட்டியும் திருத்தியும் வருகிறவன். நோர்வேயில் இருக்கும் மச்சான் ஒருவருக்காக 28 அடிப் பாய்ப்படகு ஒன்றைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. மீன்பிடி வள்ளத்துக்கு மோல்ட் இருக்கிறது. எத்தனை அடுக்கு மெட், எவ்வளவு ரெசின் என்பது வேலையாட்களுக்கு மனப்பாடம். ஒருவருக்காகவே வரையப்பட்ட பாய்ப்படகில் அப்படி எதுவும் முன்கூட்டி இல்லை. ஒரு போல்ட்டின் தடிப்பிலிருந்து கட்டிலின் நீளம் வரை யாராவது ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகளை எந்த வரிசையில் எடுப்பது என்பதில்தான் காசும் காலமும் மிச்சமாகின்றன அல்லது கரைகின்றன.

நம் ஊரில் வருடத்தை இரண்டு காற்றுகள் ஆளுகின்றன. ஐப்பசிக் கடைசியில் தொடங்கி தை வரை வாடை. வருட மழையில் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டும், வெளிக்கடல் கொந்தளிக்கும், திருக்கடலூரிலும் சாம்பல்தீவிலும் வள்ளங்களைக் கரையில் உயர ஏற்றிவைப்பார்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான். தரையிலிருந்து கடலை நோக்கி வறண்டு வீசும் காற்று அது. இவ்விரண்டுக்கும் நடுவில் மாசி, பங்குனி, சித்திரை. கடல் அடங்கியிருக்கும், புதுப்படகைப் பழக்குவதற்கு ஏற்ற மாதங்கள் இவைதான். கச்சானில் முதன்முதலாகப் பாய் விரித்து, வெளியே ஏதாவது முறிந்துவிட்டால், காற்று படகையும் ஆளையும் வங்கக்கடலின் நடுவுக்குத்தான் தள்ளும். ஆகவே பங்குனியில் இறக்குவது என்று முதல் தாளில் முதல் வரியாக எழுதினோம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம்.

பின்னோக்கி எண்ணும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பருவம் தானாகவே அமைகிறது. இறக்குவதற்கு முந்திய வாடை, உள்வேலைக்கு: கட்டில், அலுமாரி, மின்கம்பி, குழாய் எல்லாம் கூரைக்குள் நடக்கும். அதற்கு முந்திய கச்சான், உடற்பகுதிக்குப் பைபர் போடவும் பூச்சுக்கும். ஈரப்பதம் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டும் நாட்களில் ரெசின் போட்டால் ஒட்டு நம்பத்தக்கதாக இருக்காது. கச்சான் மாதங்களில் காற்று உலர்ந்திருப்பது அந்த வகையில் வரம். ஆனால் வெயிலில் ரெசின் வாளிக்குள்ளேயே இறுகும், காற்று தூசியை வாரி வரும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறமுன் நிறுத்துவதே வழி. அதற்கும் முந்திய வாடையில் வரைபடம் முடிந்திருக்க வேண்டும், மரம் கூரைக்குள் காய்ந்துகொண்டிருக்க வேண்டும், வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டளை போயிருக்க வேண்டும். ஆக, இரண்டு வாடையைத் தாண்டும் திட்டம் இது. ஒரே வருடத்தில் முடிக்கலாம் என்று சொல்பவர் நம் வானத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இறக்கும் இடம் அடுத்தது. திருகோணமலை உள்துறைமுகம் உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. எந்தக் காற்றுக்கும் ஒதுங்க இடம் உண்டு. ஆனால் இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. வேறு நாடுகளில் வற்றில் மணலில் வைத்துக் கட்டிப் பெருக்கில் மிதக்கவிடுவது போன்ற உபாயங்கள் இங்கே பலிக்காது. படகின் அடிமரமான ஏராவுக்குக் கீழே ஈயக்கட்டியோடு ஒன்றரை மீற்றர் ஆழம் தேவைப்படும் படகை, வள்ளம் தள்ளுவதுபோல மணலிலிருந்து தள்ளவும் முடியாது. கிரேன் வேண்டும், கிரேன் நிற்கத் தாங்குகிற இறங்குதுறை வேண்டும், அந்த இறங்குதுறை யாருடையதோ அவர்களின் அனுமதி வேண்டும். துறைமுகக் கரையில் பெரும்பகுதி கடற்படைத் தளத்துக்கும் துறைமுக அதிகாரசபைக்கும் உரியது. கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஏரா வைப்பதற்கு முன்பே இவர்களிடம் போய்ப் பேசுங்கள். படகு முடிந்த பிறகு போனால் உங்களுக்கு அவசரம் இருக்கும், அவர்களுக்கு இருக்காது.

கிரேன் விஷயத்தில் ஒரு சொல். பத்துத் தொன் கிரேன் என்று வாடகைக்குத் தருபவர் சொல்வது, கை குறுகியிருக்கும்போது அது தூக்கும் எடை. இறங்குதுறையின் விளிம்பிலிருந்து படகைத் தள்ளி இறக்கக் கையை நீட்ட நீட்ட, தூக்கக்கூடிய எடை வேகமாகக் குறையும். எத்தனை மீற்றர் நீட்டினால் எத்தனை தொன் என்ற அட்டவணை ஒவ்வொரு கிரேனுக்கும் உண்டு. அதைக் கேட்டுப் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

எங்கள் படகுத் தச்சரான ஓடாவியார் வேலைக்கு ஒத்துக்கொண்ட அன்று மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, கேற்றை அளந்தீங்களா?” என்றார். படகின் அகலம் ஏறக்குறைய மூன்று மீற்றர். ட்ரெயிலரில் ஏற்றினால் உயரம் அதைவிடக் கூட. கொட்டகையின் வாசல், ஒழுங்கையின் திருப்பம், வீதியைக் குறுக்கறுக்கும் மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் ஒரு நீண்ட கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்து அளந்தோம். கொட்டகைக்கு நாங்கள் தெரிந்தெடுத்த இடமே அந்த நடையால்தான் மாறியது. கூரையையும் இலேசாக எண்ணக்கூடாது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது பறந்த தகரங்களை இந்த மாவட்டத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வாடை நிற்க வேண்டிய கொட்டகைக்குத் தூண்களைக் கொங்கிறீற்றில் இறக்குவது வீண்செலவில்லை.

படகின் அளவைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் அடியில் பேசுகிறார்கள். காசு அடியைப் பின்பற்றுவதில்லை, எடையைப் பின்பற்றுகிறது. நீளம் கூடினால் அகலமும் ஆழமும் சேர்ந்து கூடும். 24 அடியை அதே விகிதத்தில் 30 அடியாக்கினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாய், கயிறு, நங்கூரம், எஞ்சின் எல்லாம் அதற்கேற்பப் பெரிதாகும். மச்சான் முதலில் கேட்டது 34 அடி. அவரும் மனைவியும், எப்போதாவது பிள்ளைகளும் போகப்போகிற படகு அது. காட்போட்டிலும் பழைய பலகையிலும் 28 அடியின் உள்ளறையை உண்மை அளவில் கொட்டகைக்குள் செய்துவைத்தோம். அவர் விடுமுறையில் வந்து அதற்குள் படுத்து, இருந்து, தேநீர் ஊற்றிப் பார்த்தார். அதன் பிறகு நீளத்தைப் பற்றிப் பேச்சு எழவில்லை. ஒரு கிழமை வேலை, சில ஆயிரம் ரூபாய். இத்தனை பெரிய தொகையை மிச்சம் பிடித்த வேறு வேலை இந்தத் திட்டத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

வரைபடத்தைப் புகழ்பெற்ற வடிவமைப்பாளரிடம் விலைக்கு வாங்குங்கள். ஏற்கெனவே கட்டப்பட்டு ஓடிய வடிவமாக இருக்கட்டும். இந்தியக் கடற்படையின் ‘மாதேய்’ இதற்கு நல்ல சான்று. கோவாவில் திவார் தீவிலுள்ள சிறிய கட்டுமானத் தளமொன்றில், ரத்னாகர் தாண்டேக்கர் அதைக் கட்டினார். வடிவம் நெதர்லாந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனத்தினுடைய டோங்கா 56. மரமும் எப்பொக்சியும் பைபரும் சேர்ந்த உடல். 2009 பெப்ரவரியில் அது கடற்படையில் சேர்ந்தது. அதே வருடம் ஓகஸ்டில் கமாண்டர் திலீப் தோந்தே தனியாளாக உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2010 மே மாதம் மும்பாய் திரும்பினார். அவர் படகு கட்டி முடிந்ததும் வந்து ஏறியவர் இல்லை. கட்டும் காலம் முழுதும் அதன் பொறுப்பை ஏற்று உடனிருந்தவர். ஓட்டப்போகிறவனே கட்டும் இடத்தில் நின்றால் எந்த வால்வு கைக்கு எட்டும், எந்தக் கயிறு எங்கே உரசும் என்பது கடலுக்குப் போகமுன்பே தெரிந்துவிடும். அதே தளத்தில், அதே வடிவத்தில் 2017-இல் ‘தாரிணி’ பிறந்தது. கடற்படை அதிகாரிகளான ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 2024-25இல் இரண்டே பேராக உலகைச் சுற்றியது அதில்தான். நல்ல வடிவத்தை மாற்றாமல் திரும்பக் கட்டுவதில் குறைவொன்றும் இல்லை.

வரைபடத்தின் பிரதி ஒன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். நம் ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் எச்.எம்.எஸ். திருகோணமலையின் கதை இதற்குப் போதும். 1812-இல் அதைக் கட்டக் கட்டளை பிறந்தது. வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை அந்த வருடக் கடைசியில் அமெரிக்கக் கப்பல் கொன்ஸ்ரிரியூஷன் தாக்கி அழித்தது, படங்களும் போயின. மறுபடி படம் அனுப்பி, பம்பாயில் வாடியா குடும்பத்தின் கைவண்ணத்தில் தேக்கில் கட்டி, 1817 ஒக்டோபர் 12-இல் இறக்கினார்கள். அதற்குள் எந்தப் போருக்காகக் கட்டினார்களோ அந்தப் போர் முடிந்துவிட்டது. கப்பல் 1840கள் வரை வேலையில்லாமல் கட்டிக்கிடந்தது. காலம் தவறிய படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பிறந்த காரணத்தைத் தவறவிடும் என்று நான் மச்சானுக்கு எழுதியபோது இந்தக் கப்பலைத்தான் சொன்னேன்.

அதை எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் மாற்றங்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் இரவில் யூடியூப் பார்ப்பார். காலையில் வட்ஸ்அப்பில் புது யோசனை வரும். ஆசைப்பட்டுக் காசு போடுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கொட்டகையில் ஒரு கொப்பி வைத்தோம். எந்த மாற்றமாக இருந்தாலும் அதில் மூன்று எண்கள் எழுதப்பட வேண்டும்: எத்தனை கிலோ கூடும், எத்தனை ரூபாய் கூடும், எத்தனை நாள் கூடும். மூன்றையும் படமெடுத்து அனுப்பி, அவர் சரி என்று எழுதினால்தான் ஓடாவியார் உளியை எடுப்பார். பாதிக்கு மேற்பட்ட யோசனைகள் அந்த மூன்று எண்களைப் பார்த்ததும் அவராலேயே கைவிடப்பட்டன. தொலைபேசியில் வாயால் சொன்ன மாற்றத்தை ஏற்பதில்லை என்ற விதியை முதல் நாளே இரு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் என்றால் இன்னும் கட்டாயம்.

எடையைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும். பாய்ப்படகு நிமிர்ந்து நிற்பது அடிப்பாரத்தால். எங்கள் படகில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஏராவில் தொங்கும் ஈயம். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் அந்த ஈயத்தோடு சண்டை பிடிக்கிறது. ஆகவே உள்ளே போகும் கதவு, அடுப்பு, பற்றரி, எல்லாவற்றையும் தராசில் வைத்து எழுதினோம். ஈயத்தை நாங்களே உருக்கவில்லை; அந்தப் புகை நஞ்சு, பிள்ளைகள் நடமாடும் இடத்தில் செய்யக்கூடாத வேலை. காசு கொடுத்து உரிய இடத்தில் வார்த்து வாங்குங்கள்.

மரத்தில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு பெருமை உண்டு. சவண்டலை மரத்துக்கு, சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள், உலக மரச்சந்தையில் திருகோணமலை மரம் என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து சென்னைக்கு ஏற்றப்பட்டு அங்கே மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. இன்று அதை வாங்க அரச மரக் கூட்டுத்தாபனத்தின் பற்றுச்சீட்டும், ஏற்றிவர அனுமதிப் பத்திரமும் வேண்டும். இரண்டும் கையில் இல்லாத மரத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். ஏராவுக்கும் விலாக்கட்டைகளான வங்குகளுக்கும் அந்த மரம், உடலுக்கு மரைன் பிளைவுட், மேலே எப்பொக்சியும் பைபர் துணியும் என்பது எங்கள் தெரிவு. பிளைவுட்டில் எந்த முத்திரை இருந்தாலும், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டை வெட்டிச் சில மணித்தியாலம் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பாருங்கள். அடுக்குப் பிரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வள்ளக்காரர்கள் கவனிக்க வேண்டியது: பொலியெஸ்ரர் ரெசினுக்கு நாம் கற்றலிஸ்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றிப் பழகியிருக்கிறோம். எப்பொக்சியில் அந்தக் கைப்பழக்கம் ஆகாது. இரண்டு பாகங்களின் விகிதம் மாறினால் அது ஒருபோதும் சரியாக இறுகாது. வேகம் குறைய வேண்டுமென்றால் மெதுவாக இறுகும் ஹார்ட்னரைத்தான் வாங்க வேண்டும். இறுகிய பிறகு மேலே மெழுகுபோல் ஒரு படை வந்தால் தண்ணீரால் கழுவிய பின்தான் அடுத்த பூச்சு. தகரக் கொட்டகை வெக்கையில் பொலியெஸ்ரரின் ஆயுளும் குறையும். மலிவு என்று பீப்பாய் கணக்கில் வாங்கி அடுக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட வள்ளங்களில் பலவற்றின் தரம் எப்படியிருந்தது என்பதை இந்தக் கரை முழுதும் அறியும். ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பே அப்போது அதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. ரெசினில் அவசரம் கூடாது என்பதை நாங்கள் கற்றது அந்த வள்ளங்களைத் திருத்தித் திருத்தித்தான்.

உலோகச் சாமான்களில் கடைக்காரர் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றால் போதாது. 304 உப்புக்காற்றில் துருவேறும்; கடலுக்கு 316. காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதற்கென்று சொட்டு மருந்துச் சோதனை இருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே வரும் வால்வுகள் வெண்கலமாக இருக்கட்டும், பித்தளை உப்புநீரில் உள்ளிருந்து அரிக்கும்.

காசுத் திட்டத்தில் பலர் உடற்பகுதியை முழுப்படகாக எண்ணிவிடுகிறார்கள். எங்கள் கணக்கில் உடல் முடிந்தபோது மொத்தச் செலவில் மூன்றிலொரு பங்குகூட ஆகவில்லை. மீதி பாய், பாய்மரம், கம்பிவடம், வின்ச், எஞ்சின், மின்சாரம். இவற்றில் பெரும்பாலானவை டொலரில் வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐ எட்டியதை நாம் எல்லாரும் வாழ்ந்து பார்த்தோம். ரூபாயில் ஒரு கணக்கு, டொலரில் ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். டொலர்ப் பகுதியை உரிமையாளர் வெளிநாட்டிலேயே வைத்துச் செலுத்தட்டும். சாமான்களைச் சிறு பொதிகளாக வரவழைக்காமல் ஒரே கொன்டெய்னரில் எடுத்தால் சுங்கத்தில் ஒருமுறை நின்றால் போதும். பாய்மரத்தின் நீளத்தை வரைபடத்திலேயே கவனியுங்கள். 40 அடிக் கொன்டெய்னரின் உள்நீளம் 12 மீற்றர். அதைவிட நீண்ட மரம் இரண்டு துண்டாகத்தான் வரும். பாய்க்கு வெளியே தேடுமுன் நாட்டுக்குள் பாருங்கள். நோர்த் செயில்ஸ் போன்ற உலகப் பெயர்களே இலங்கையில் பாய் தைக்கின்றன.

கூலி விஷயத்தில் என் முடிவு உறுதியானது. கொட்டகை, ட்ரெயிலர், தாங்குகட்டை போன்றவற்றைக் கொந்தராத்துக்குக் கொடுக்கலாம். ரெசின் போடுவதையும் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்படுத்துவதையும் ஒருபோதும் கொந்தராத்துக்குக் கொடுக்காதீர்கள், நாட்கூலி கொடுங்கள். கொந்தராத்தில் அவசரம் ஆளுக்கு லாபம், படகுக்கு நட்டம். காசைத் திகதிக்குக் கொடுக்காமல், முடிந்து பரிசோதித்த கட்டத்துக்குக் கொடுங்கள். பதிவுக் காகிதங்களையும் அதேபோல ஒரு வேலையாக அட்டவணையில் சேருங்கள்: மீன்பிடி வள்ளத்துக்குக் கடற்றொழில் திணைக்களம் போதும், உல்லாசப் பாய்ப்படகின் பாதை வணிகக் கப்பற்துறைச் செயலகத்துக்குப் போகிறது. வரைபடம், எடைக் கொப்பி, கட்டுமானப் படங்கள் கையில் இருந்ததால் எங்களுக்கு அது சுலபமானது.

பங்குனியில் படகு இறங்கியது. சித்திரை முழுதும் உள்துறைமுகத்துக்குள்ளும் கொட்டியாரக் குடாவிலும் ஓட்டிப் பார்த்தோம். கம்பிவடங்களை இறுக்கி, ஒழுகிய ஒரு குழாயை மாற்றிய பிறகே மச்சானிடம் ஒப்படைத்தோம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கினார். அவர் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றிய அந்தக் கப்பலைத் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் நம் மாலுமிகளும் 1938 ஓகஸ்டில் மசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் வரை கொண்டுசேர்த்தார்கள். அதைக் கட்டிய மேத்திரிமாரின் அளவுகள் அவர்களின் தலையில் இருந்தன, அவர்களோடு போயின. பம்பாயில் கட்டிய எச்.எம்.எஸ். திருகோணமலை இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் மிதக்கிறது. அன்னபூரணியை அப்படித் திரும்ப எழுப்ப நம்மிடம் என்ன இருக்கிறது?

எங்கள் ஓடாவியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. வங்கு வளைக்கவும் மரத்தின் நரம்பு பார்த்து வெட்டவும் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் அவரைப்போல மிகச் சிலரே. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பாய்ப்படகு ஒன்றை விரும்பினால், தயாராக ஒன்றை வாங்காமல் இங்கே வந்து கட்டுங்கள். கட்டும்போது உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடாவியின் பக்கத்தில் சம்பளத்துக்கு வையுங்கள். ஒவ்வொரு அளவையும் அவர்கள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். அந்தச் சம்பளத்தை, மரத்துக்கும் ரெசினுக்கும் முன்னால், உங்கள் செலவுக் கணக்கின் முதல் வரியாகப் போடுங்கள்.